பூட்டு திறக்கணும்னா பாடம் புரியணும்: ஒரு பீரியடுக்குள்ள எஸ்கேப் ரூம்

வணக்கம் மக்களே. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சயின்ஸ் எடுக்கற டீச்சர், சார் எல்லாருக்கும்தான் இந்த வீடியோ. எட்டாவது, ஒன்பதாவதுக்கு ஒரு எஸ்கேப் ரூம், அதாவது புதிருக்கு விடை கண்டுபிடிச்சு, ஒவ்வொரு பூட்டா திறந்துட்டுப் போற விளையாட்டு. விஷயம், நம்ம போர் தண்ணியில கரைஞ்சிருக்கற, அதிகமானா பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃப்ளோரைடு.

முதல்ல, கதவைப் பூட்டவே பூட்டாதீங்க. 2019 ஜனவரியில போலந்துல ஒரு எஸ்கேப் ரூம்ல தீப்பிடிச்சு, வெளிய வர முடியாம 15 வயசுப் பொண்ணுங்க 5 பேர் செத்துப்போனாங்க. பூட்டைப் பைக்குப் போடுங்க, பிள்ளைங்களுக்கு வேண்டாம்.

பை எதுன்னா, ரெண்டு ஜிப் வெச்ச பென்சில் பவுச். இதோ பாருங்க, கிட்ட காட்டறேன். ரெண்டு ஜிப்போட ஓட்டையிலயும் சேத்து நம்பர் பூட்டை நுழைச்சாச்சு. ஒத்த ஜிப் பவுச் வாங்கினா பூட்ட இடமே இருக்காது. குழுவுக்கு 5 பேர். 40 பேருக்கு 8 செட், செட்டுக்கு ரெண்டு பவுச், ரெண்டு பூட்டு. 4 நம்பர் பூட்டா வாங்குங்க. 3 நம்பர்னா மொத்தமே 1,000 தான், பொறுமையான பையன் ஒருத்தன் மூலையில உக்காந்து திருகியே திறந்துடுவான்.

இப்ப முக்கியமான இடம். "ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கலாம்"னு கேட்டு, புத்தகத்துல இருக்கற பதிலை நம்பரா வெக்கறது வெறும் வினாடி வினா. பிள்ளைங்க தப்பா நெனச்சிட்டிருக்கற விஷயம் பூட்டுல போய் முட்டணும்.

முதல் பூட்டு: போர் தண்ணியில லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆத்துத் தண்ணியில 0.5. ரெண்டையும் கலந்து, லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கற 10 லிட்டர் வேணும். ஆத்துத் தண்ணி 8, போர் தண்ணி 2. அதுல இருந்து வர்ற ஃப்ளோரைடு 4, 6. இதை வரிசையா வெச்சா பூட்டோட கோடு 8246. பக்கத்துக் குழு கத்தினா பதில் கசிஞ்சிடும், அதனால பாதிப் பேருக்கு வேற சீட்டு: போர் 4 மில்லிகிராம், மொத்தம் 7 லிட்டர். கோடு 6134.

திறந்தா உள்ள ரெண்டாவது சீட்டு. லிட்டருக்கு 1.5 இருக்கற 10 லிட்டரைக் கொதிக்க வெச்சு 6 லிட்டரா வத்த விட்டா என்ன ஆகும்? "கொதிக்க வெச்சா சுத்தமாயிடும்"னு வீட்டுல கேட்டு வளந்த பிள்ளைங்க நேரா பூஜ்யம் போடுவாங்க. கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு ஆவியா போகாதே! மொத்தம் 15 மில்லிகிராம் அப்படியே நிக்கும், தண்ணிதான் குறையும், லிட்டருக்கு 2.5 ஆயிடும். 15, 2.5, புள்ளியை விட்டுட்டா கோடு 1525. இந்தப் பூட்டுகிட்டதான் அதிக நேரம் போகணும், அவசரப்பட்டு சொல்லிக் குடுத்துடாதீங்க.

ஒரே பூட்டுல ரெண்டு கணக்கையும் சேக்காதீங்க. திறக்கலைன்னா எது தப்புன்னு தெரியாம பிள்ளைங்க சலிச்சுப்போவாங்க.

குறிப்பை மறைச்சு எழுதிக் காட்ட யூவி டார்ச் வாங்கணுமான்னு கேப்பீங்க. ஜன்னல் திறந்த கிளாஸ்ல மதியம் ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பதிலா வெளிர் நீலத்துல குறிப்பு எழுதி, மேல சிவப்புப் பேனாவுல கிறுக்குங்க. சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் வழியா பாத்தா கிறுக்கல் மறையும், எழுத்து கருப்பா தெரியும்.

விளையாட்டு 25 நிமிஷம், பேச்சு 10 நிமிஷம். அந்தப் பத்தைக் குறைச்சிடாதீங்க. போர் தண்ணியில இது ஏன் வருது? அடியில இருக்கற பாறையிலிருந்து கரையுது. 2013-ல தொடங்கின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதுக்கு? உங்க வீட்டுல குடிக்கறது எந்தத் தண்ணி? கடைசிப் பவுச்சுல கடலை மிட்டாயோட இந்தக் கேள்விச் சீட்டையும் போட்டுடுங்க.

பூட்டு திறந்ததும் கையிலிருந்து வாங்கிடுங்க. சில மாடல்ல திறந்திருக்கறப்ப கொக்கியைத் திருப்பி அமுக்கினா நம்பரே மாறிடும், அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. பூட்டினதும் நம்பரைக் கலைச்சு விடுங்க, இல்லைன்னா அடுத்த பீரியட் 9-பி பசங்க வந்த உடனே திறந்துட்டு மிட்டாயைத் தின்னுட்டுப் போயிடுவாங்க.