அருவிப் பாறையில் மார்கான்ஷியா எங்கே இருக்கும்?

அடுத்த கேள்வி, பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டது. "ஆழியாறு கவியருவிக்குப் போயிருந்தோம். பாறை முழுக்கப் பச்சைதான். ஆனால் பாடத்தில் படித்த மார்கான்ஷியா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது, மாஸா லிவர்வொர்ட்டா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?"

சரிங்க அம்மணி. மாஸும் லிவர்வொர்ட்டும் ஈரத்தில் வளர்கிற, பூக்காத குட்டிச் செடிகள். மார்கான்ஷியா பட்டையாகப் படர்கிற ஒரு லிவர்வொர்ட். அருவிக்குப் போனால் எல்லோருடைய கண்ணும் தண்ணீர் விழுகிற இடத்துக்குத்தான் போகும். அங்கே காலை வழுக்கிவிடுகிற பச்சை பெரும்பாலும் ஆல்கா என்ற நீர்ப்பாசி. மாஸுக்கும் லிவர்வொர்ட்டுக்கும் வேர் கிடையாது, ரைசாய்டு என்ற மெல்லிய இழைதான் பிடிமானம். தண்ணீர் அறைகிற அறையை ஒருசில மாஸ் தாங்கும், மார்கான்ஷியா தாங்காது. அதனால் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று தேடுங்கள். சாரல் மட்டும் படுகிற பக்கவாட்டுப் பாறை, துருத்திய கல்லுக்கு அடியில் நீர் கசிகிற நிழல், ஓடைக்கரை மண்மேடு, இவைதான் இடம். ஈரம் வேண்டும், இழுப்பு கூடாது. ஏனென்றால் இவற்றின் ஆண் அணு நீரில் நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர முடியும்.

பட்டையாகப் படர்ந்த பச்சை கண்ணில் பட்டால் 10 மடங்கு லென்ஸை எடுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு முகத்தைப் பாறைக்கு அருகே கொண்டுபோக வேண்டும். பலபேர் லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் நீட்டிவிட்டு எட்ட நின்று பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. மேற்பரப்பில் அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி, அதுதான் காற்றுத் துளை. கூடவே வட்டக் கிண்ணங்களும் அவற்றுக்குள் பச்சைத் துணுக்குகளும் இருந்தால் மார்கான்ஷியாதான். மழைத்துளி விழுந்து தெறிக்கிற துணுக்கு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். கட்டமே இல்லாமல் வழவழவென்று கரும்பச்சையாக இருந்தால் டுமோர்டியெரா என்ற இன்னொரு லிவர்வொர்ட்டாக இருக்கலாம்.

குழப்புவது இலையுள்ள லிவர்வொர்ட். பார்வைக்கு மாஸ் மாதிரியே இருக்கும். இலையில் நடுநரம்பு ஓடினால் மாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நரம்பில்லாத மாஸும் உண்டு. அப்போது முதிர்ந்த காப்சூலை, அதாவது வித்துத்தூள் இருக்கிற சிறு உறையைத் தேடுங்கள். நான்காகப் பிளந்திருந்தால் லிவர்வொர்ட். மூடி கழன்று, வாயைச் சுற்றிப் பல் பல்லாக இருந்தால் மாஸ்.

போகிற காலம்? நம் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்கு மழை அடங்கிய செப்டம்பர், அக்டோபர். கொல்லிமலை ஆகாயகங்கை என்றால் வடகிழக்கு மழைக்குப் பிறகு. பங்குனியில் போனால் எல்லாம் சுருண்டு பழுப்பாகக் கிடக்கும். அதற்காக மாஸ் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல வகைகள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நிமிடங்களில் விரிந்துவிடும்.

கவியருவி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. போட்டோ எடுங்கள், பிய்த்து எடுக்காதீர்கள். மாதிரி வேண்டுமென்றால் கல்லூரி வழியாக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அதுவரைக்கும் கல் கட்டிய பழைய தோட்டத்துக் கிணறு ஏதாவது இருந்தால் பாருங்கள். தண்ணீர் கசிகிற கல் இடுக்கில் மாஸ் இருக்கும், லிவர்வொர்ட்டும் கிடைக்கலாம். படி வழுக்கும், தனியாக மட்டும் இறங்காதீர்கள்.