திரும்பி வரும் நேரத்து அலை

நேயர்களுக்கு வணக்கம். கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அலை முன்னறிவிப்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கயாக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: பத்துப் பன்னிரண்டு அடி நீளம், முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, பிளாஸ்டிக்கில் வார்த்த ஒற்றை ஆள் படகு. மேலே உட்கார்ந்து, இரண்டு முனையிலும் இலை உள்ள துடுப்பைப் போட வேண்டும். முதுகுக்குப் பின்னால் தூண்டில் கம்பு செருக ஓட்டைகள், அதற்கும் பின்னால் ஐஸ் பெட்டி. சனி ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் கூரைமேல் கட்டிக்கொண்டு போகிறார்களே, அதுதான். கட்டுமரம் ஓட்டிய கரையில் இதைப் பெரிய புதுமை என்று சொல்ல முடியாது. கட்டுமரக்காரர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கடல் அறிவு மட்டும் கயாக்கோடு சேர்ந்து கடையில் கிடைப்பதில்லை. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஒரு முன்னறிவிப்பை வாசித்துக் காட்டுகிறேன், காதில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அலை உயரம் 1 மீட்டர். அலை இடைவெளி 14 விநாடி. அலை வரும் திசை தென்தென்கிழக்கு. காற்று, காலை ஆறு மணிக்கு மேற்கிலிருந்து 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். பிற்பகல் ஒரு மணிக்குத் தென்கிழக்கிலிருந்து 14 நாட்.

பெரும்பாலானவர்கள் முதல் எண்ணோடு கைப்பேசியை மூடிவிடுவார்கள். ஒரு மீட்டர்தானே, இடுப்பு உயரம், போகலாம். என்னைக் கேட்டால், நான் வாசித்த ஐந்து தகவல்களில் தனியாக நின்றால் மிகக் குறைவாகப் பேசுவது அந்த ஒரு மீட்டர்தான்.

முதலில், அது என்ன கணக்கு என்று பார்ப்போம். ஒரு நேரத்தில் வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். ஆகவே ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் அதைவிடச் சிறிய அலைகள் நிறைய வரும், பெரியதும் வரும். ஆயிரம் அலைக்கு ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் வர வாய்ப்புண்டு. 14 விநாடிக்கு ஒன்று வீதம் ஆயிரம் அலை வந்து சேர நாலு மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் ஒரு வஞ்சிரத்துக்காகச் சுற்றிவிட்டுத் திரும்பும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இரண்டாவது, அந்த ஒரு மீட்டர் ஆழ்கடலில் உள்ள உயரம். கரையில் வந்து உடையும்போது அது எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்வது இடைவெளி. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி என்பதுதான் இடைவெளி. 7 விநாடி அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 75 மீட்டர் தூரம் இருக்கும். 14 விநாடி அலைக்கு அது 300 மீட்டர். இடைவெளி இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்காகிறது. நீளமான அலை ஆழத்திலும் தண்ணீரை அசைத்துக்கொண்டு வருகிறது. அதனால் தரையை வெகு தூரத்திலேயே உணர்ந்துவிடுகிறது. முன்பகுதி வேகம் குறைய, பின்னால் வருவது நெருக்க, தண்ணீர் மேலே எழுகிறது. திறந்த கரையில் நேராக வந்து உடைந்தால், 7 விநாடி இடைவெளியில் வந்த ஒரு மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டரில் உடையும். 14 விநாடியில் வந்த அதே ஒரு மீட்டர் 1.7 மீட்டரைத் தாண்டலாம். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருக்காது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் அந்த 14 விநாடி எங்கிருந்து வந்தது? நம் ஊர்ப் புயலிலிருந்து இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நாற்பது டிகிரி தெற்குக்கும் கீழே, அப்போது குளிர்காலம். அங்கே அடிக்கிற சூறாவளிக் காற்றில் கிளம்பி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நாள் கணக்காகப் பயணம் செய்து வருகிறது. அலைச்சறுக்குக்காரர்கள் ஸ்வெல் என்பார்கள். நான் தூரத்து அலை என்கிறேன். இலங்கை குறுக்கே நிற்பதால் பாக் நீரிணைக்குள் அது நுழைவதில்லை. இலங்கையின் கிழக்கே சுற்றிக்கொண்டு சென்னைப் பக்கம் வந்து அடிக்கிறது. கன்னியாகுமரிக்கு எந்தத் தடுப்பும் கிடையாது.

இந்தத் தூரத்து அலை பெரிதாக வரும்போது அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த அலைக்குக் காரணமான காற்றழுத்தத் தாழ்வு ஏப்ரல் கடைசியில் இந்தியக் கரையிலிருந்து ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் தொலைவில், தென் அட்லாண்டிக் பக்கமிருந்து வந்தது. உள்ளூரில் புயல் எதுவும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், எச்சரிக்கையை முன்பே வெளியிட்டிருந்தது. வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கிற பழக்கம் கள்ளக்கடலிடம் மட்டும் செல்லாது.

நீண்ட இடைவெளிக்கு இன்னொரு குணம் உண்டு, அது ஏமாற்றுக் குணம். தூரத்து அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை அடுத்தடுத்து வரும், பிறகு பல நிமிடம் ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வில் நீங்கள் காரை விட்டு இறங்கினால் கடல் குளம் மாதிரி தெரியும். அவசரமாகக் கயாக்கை இறக்கி, உடையும் இடத்துக்கு நடுவில் போய்ச் சேரும்போது அடுத்த கூட்டம் வந்து நிற்கும். கயாக்கைச் சராசரி ஆள் ஒரு விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓட்டுவார். இரண்டு அலைக்கு நடுவில் அவருக்குக் கிடைப்பது இருபது மீட்டர். ஓய்வு நேரத்தில் கிளம்பினால் மொத்தத்தையும் தாண்டிவிடலாம், கூட்டத்தின் முதல் அலையோடு கிளம்பினால் முடியாது. அதனால் இடைவெளி 12 விநாடிக்கு மேல் போட்டிருந்தால் கரையில் குறைந்தது இருபது நிமிடம் சும்மா நின்று பார்க்க வேண்டும். இது பலருக்குக் கஷ்டமான காரியம். தூண்டில் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பது அதைவிடக் கஷ்டம்.

அப்புறம் காற்று. உண்மையில் நான் அதிகம் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். முன்னறிவிப்பைக் கிளம்பும் நேரத்துக்குப் பார்ப்பதால் பாதி பயன்தான். திரும்பும் நேரத்துக்குப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது கடல் மோசமாக இருந்தால் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். திரும்பும்போது மோசமாக இருந்தால் அந்த வசதி கிடையாது.

நாம் வாசித்த முன்னறிவிப்பில் காலை ஆறு மணிக்கு மேற்குக் காற்று. கிழக்குக் கரையில் மேற்குக் காற்று என்றால் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. உடைகிற அலையின் முகத்தை அது நிமிர்த்தி வைக்கும், கரையோரத் தண்ணீரைக் கண்ணாடி போலத் தட்டிவைக்கும். பார்க்க அழகாக இருக்கும். கச்சான் காலத்தில், அதாவது மேற்குக் காற்று வீசும் மாதங்களில், இந்தக் காற்று பத்து மணிக்குள் இரண்டு மடங்காவது சாதாரணம். நீங்கள் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போயிருப்பீர்கள். முதுகில் காற்று தள்ளியதால் சுலபமாகப் போயிருப்பீர்கள். திரும்பினால் முகத்தில் 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். கரையை விட்டு விலக விலக அலை சிறு சிறு நொறுக்காக எழும். ஒவ்வொன்றும் அணியத்தில், அதாவது படகின் முன் மூக்கில், அடிக்கும். வேகம் பாதியாகிவிடும். துடுப்பை நிறுத்தி மூச்சு வாங்கினால் வந்த தூரமும் போய்விடும்.

அதைச் சமாளித்து மதியம் வரை தாக்குப்பிடித்தால் கடல்காற்று திரும்பிவிடும். தென்கிழக்கு 14 நாட். இப்போது காற்று கரைக்குத் தள்ளுகிறது, நல்லதுதானே என்று தோன்றும். கரைக்கு வருவது சுலபம், கரையில் இறங்குவது சுலபமில்லை. தூரத்து அலையின்மேல் காற்றலையும் சேர்ந்துகொள்வதால் ஒழுங்கு கலைந்துபோகும், ஓய்வு நேரம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் பதில், போகக் கூடாது. அதே ஒரு மீட்டர், 7 விநாடி, காலை முழுக்க 5 நாட் காற்று என்று இருந்தால், பழகிய ஆள் போய்விட்டு ஒன்பதரைக்குள் கரையேறலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அரை மீட்டருக்கு மேல் போட்டிருந்தால் படகைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம் என்பேன். இது கொஞ்சம் அதிகக் கெடுபிடி என்று நண்பர்கள் சொல்வதுண்டு, பரவாயில்லை.

எதில் பார்ப்பது என்று கேட்பீர்கள். விண்டி, விண்ட்குரு என்ற இரண்டு செயலிகளிலும் அலை, காற்று, இடைவெளி மூன்றும் மணிவாரியாக வரும். அலைக்கும் காற்றுக்கும் அவர்கள் சொல்லும் திசை, வருகிற திசை. நீரோட்டத்துக்குச் சொல்வது போகிற திசை. இதைக் குழப்பிக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். அலைச்சறுக்குக்கான செயலிகளில் நட்சத்திரம், பச்சை நிறம் எல்லாம் போட்டு இன்றைக்கு அருமை என்று காட்டுவார்கள். அது பலகையில் சறுக்குகிறவர்களுக்கு. உலக சர்ஃப் லீக்கின் போட்டி 2023-ல் மாமல்லபுரத்தில் நடந்தது, ஆகஸ்ட் மாதத்தில். அந்த மாதத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தால் போதும். அவர்களுக்குப் பச்சை காட்டும் நாள் நமக்குச் சிவப்பு.

இன்காய்ஸ் 2020-லிருந்து சிறு படகுகளுக்கென்று தனி எச்சரிக்கை தருகிறது. ஏழு மீட்டர் வரை அகலமுள்ள படகுகளை மனதில் வைத்து, அலையின் உயரத்தோடு அதன் செங்குத்து எவ்வளவு, பல திசையிலிருந்து வருகிறதா, காற்றலை திடீரென்று எழுகிறதா என்பதையும் பார்த்துக் கணிக்கிறார்கள். நம் கயாக்கின் அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதில் எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை. எச்சரிக்கை இல்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வானிலை ஆய்வு மையம் சொல்லும், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பும் அப்படித்தான். கயாக்குக்குத் தொல்லை அதில் பாதியிலேயே தொடங்கிவிடும். தமிழிலேயே வேண்டும் என்றால் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி இருக்கிறது. பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை வானொலி இருக்கிறது.

எந்தச் செயலியும் உங்கள் கரையைப் பார்த்துச் சொல்வதில்லை. அவர்கள் கணக்குப் போடுகிற கட்டம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் அகலம். அதற்குள் ஒரு முனை இருக்கலாம், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவு இருக்கலாம், மணல்திட்டு இருக்கலாம். தெற்கு அலை வரும் நாளில் முனைக்கு வடக்கே ஒதுங்கிய இடத்தில் அலை பாதியாக இருக்கும், ஒரு கிலோமீட்டர் தள்ளி முழுசாக அடிக்கும். இதற்குக் கேட்க வேண்டியது குப்பத்து ஆட்களை. அவர்கள் நீரோட்டத்துக்கே தெண்டி, வன்னி என்று பெயர் வைத்துப் பேசுகிறவர்கள். ஃபைபர் படகு இறக்குவதை நின்று பாருங்கள். படகைத் தண்ணீர் விளிம்பில் அணியம் கடலைப் பார்க்க நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, ஒருவர் மட்டும் அலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அலை மடிந்து வெள்ளையாக விழுகிற இடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்து, மடியாமல் கிடக்கும். அங்கே ஆழம் அதிகம். கரைக்கு ஏறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்ப ஓடுகிறது. குளிக்கிறவரை இழுத்துக்கொண்டு போவதும் அதேதான். படகு அந்தத் துண்டு வழியாகத்தான் போகும். அவர் சத்தம் கொடுத்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளுவார்கள். அவர்கள் இறக்காமல் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதுவும் ஒரு முன்னறிவிப்பு.

கடல்மட்டம் ஏறி இறங்கும் ஏற்ற வற்றத்தையும் திரும்பும் நேரத்துக்கே பாருங்கள். சென்னையில் வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர் பக்கம்தான், ஆனாலும் கரைச் சரிவு செங்குத்தான இடங்களில் ஏற்றத்தின்போது அலை மணல் விளிம்பிலேயே வந்து மடங்கி விழும். இறங்க இடமே இருக்காது. 

கரைக்கு வரும்போது அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, கம்புகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கம்பு உடைவதைவிட, கவிழும்போது கொக்கி உடம்பில் ஏறுவது மோசம். ஒரு கூட்டம் கடந்துபோகட்டும். கடைசி அலையின் முதுகைப் பிடித்துப் பின்னாலேயே வாருங்கள், அதன் முகத்தில் ஏறாதீர்கள். முகத்தில் ஏறினால் கயாக் குறுக்கே திரும்பி உருண்டுவிடும். உருண்டால் எப்போதும் படகுக்குக் கடல் பக்கம் இருங்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கைத் தூக்கி அலை எறியும்போது கரைக்கும் படகுக்கும் நடுவில் உங்கள் கால் இருக்கக் கூடாது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றிப் பின்னால் கட்டிவைத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன், அவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த இடத்தில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் அழைப்பு வராவிட்டால் அவர் அழைக்க வேண்டிய எண்கள் இரண்டு. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. கைப்பேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, படகில் வைக்காமல் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.