சாலிஸ்பரி பிரபுவின் இரண்டு மாதங்கள்

அவையோருக்கு வணக்கம். விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் மூன்று முறை பிரதமர் பதவியேற்ற சாலிஸ்பரி பிரபு, முதலாம் எலிசபெத்துக்கு அமைச்சர்களாக இருந்த செசில் குடும்பத்தின் வழிவந்தவர். 1830-இல் ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறந்தவர். இளைய மகனாதலால் சொத்துக்கு வழியில்லை. தந்தையின் விருப்பத்தை மீறி 1857-இல் நீதிபதி ஒருவரின் மகளை மணந்து, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் குடும்பம் நடத்தினார். 1865-இல் அண்ணன் இறந்த பிறகே வாரிசானார்.

மாற்றம் எதுவும் பெரும்பாலும் கேட்டில்தான் முடியும், ஆகவே நடப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது அவருடைய அரசியல். சும்மா இருப்பதே சுகம் என்று நம் ஞானியர் உயிருக்குச் சொன்னதை அவர் அரசாங்கத்துக்குச் சொன்னார் எனலாம்.

அந்தக் கொள்கையின் விலையை அவர் இளமையிலேயே கண்டார். 1866 ஜூலையில், 36 வயதில், இந்தியாவுக்கான அமைச்சரானார். பதவியேற்ற சில நாள்களுக்குள் ஒரிசாவில் பஞ்சம் வரும் என்ற எச்சரிக்கை அவர் மேசைக்கு வந்தது. விலை ஏறினால் வணிகர்களே தானியம் கொண்டுவருவார்கள், அரசு குறுக்கிடலாகாது என்றிருந்த வங்காள அதிகாரிகளை நம்பி, இரண்டு மாதம் அவர் ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் பருவமழை ஒரிசாவின் துறைமுகங்களை அடைத்துவிட்டது. அரிசிக் கப்பல் வந்தாலும் இறக்க வழியில்லை. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு.

நகரத் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை தருவதை எதிர்த்து 1867-இல் பதவி விலகிய அவர், அதே ஆண்டு நாடாளுமன்றத்தில், அதிகாரிகள் பொருளாதார விதியைத் தெய்வமாக்கிக் கும்பிட்டதாகச் சாடினார். பழியைப் பிறர்மீது மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை என்பதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்: அந்தச் சாவுகளில் தமக்குப் பங்கில்லை என்று ஒருபோதும் எண்ண முடியவில்லை என அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் 1874-இல் அதே பதவிக்குத் திரும்பியவர் காலத்தில்தான் நம் பாட்டன்மார் சொல்லி நடுங்கிய தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 டிசம்பரில் சென்னை மாகாணம் பசியில் கிடந்தபோது, அவர் கான்ஸ்டான்டிநோபிளில் துருக்கி விவகார மாநாட்டில் அமர்ந்திருந்தார். மறு மாதம் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலையில் கல் உடைப்பவனின் நாள் கூலியை ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று விடாமல் எழுதியவர், மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்னும் மருத்துவர். அதன் பிறகுதான் அந்தக் கூலி ஓரளவு கூட்டப்பட்டது.