சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: லான் சேனி

வணக்கம். 1925-இல் வந்த ‘தி ஃபான்டம் ஆஃப் தி ஓப்பரா’ படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். மௌனப் படம்தான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் யாராவது இசையைச் சேர்த்துவிடுகிறார்கள். இந்தத் தடவை அதையும் அணைத்துவிட்டேன்.

முகமூடிக்காரன் ஆர்கன் வாசிக்கிறான். நாயகி பின்னால் நின்று முகமூடியைப் பிடுங்குகிறாள். அவன் நம் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால், அந்த மண்டையோட்டு முகத்தை அவளுக்கு முன்னால் நாம் பார்த்துவிடுகிறோம். சத்தமே இல்லாத அறையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த நடிகர்தான் லான் சேனி. 1883-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது. அதனால் வீட்டில் எல்லாம் சைகைதான். சேனி சிறுவனாக இருக்கும்போதே அம்மா மூட்டுவலியால் படுத்த படுக்கையாகிவிட்டார். பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டான். ஊரில் அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று கட்டிலுக்கு முன்னால் நின்று நடித்துக் காட்டுவானாம். இதைவிடப் பெரிய நடிப்புப் பள்ளி எது இருக்கிறது, சொல்லுங்கள்?

அப்புறம் ஊர் ஊராக மேடை நாடகம், கல்யாணம், ஒரு மகன். 1913-இல் குடும்பத்தில் பெரிய விபரீதம். பாடகியான மனைவி விஷம் குடித்துவிட்டார். பிழைத்தார், ஆனால் பாடும் குரல் போய்விட்டது. அந்த அவப்பெயரோடு மேடையில் காலந்தள்ள முடியாமல்தான் சேனி சினிமாவுக்கு வந்தார். சில ஆண்டுகள் துண்டு துக்கடா வேடங்கள். 1919-இல் ‘தி மிராக்கிள் மேன்’ அவரை உயரத்தில் ஏற்றியது.

அடுத்த ஆண்டு ‘தி பெனால்ட்டி’. இரண்டு காலும் இல்லாத தாதா வேடம். கால்களை மடக்கிப் பின்னால் கட்டி, முழங்காலைத் தோல் உறைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரத்துக்கு மேல் வலி தாங்காது. அவிழ்த்துத் தேய்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். இதற்காக மட்டும் அவரைப் புகழ்வது எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பை வதைப்பதே நடிப்பாகிவிடாது. அந்தப் படத்தில் அவர் கண்களைப் பாருங்கள், பழிவாங்கும் வெறி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒப்பனையும் அவரே போட்டுக்கொள்வார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் ஒப்பனை பற்றி எழுதும் அளவுக்கு அதில் கெட்டிக்காரர். 1923-இல் ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்’ கூனனும் அவர் கைவேலைதான். 1927-இல் வந்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ இன்று கிடைப்பதில்லை, புகைப்படங்கள்தான் மிச்சம்.

சரி, பேசும் படம் வந்தது. சேனி உடனே இறங்கவில்லை. 1930-இல்தான் ‘தி அன்ஹோலி த்ரீ’யில் பேசினார், அதுவும் ஐந்து குரல்களில்! கிழவி, கிளி, பொம்மை எல்லாம் என் குரல்தான் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

படம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 26 அன்று புற்றுநோயில் போய்விட்டார், 47 வயதில். கடைசி நாட்களில் தொண்டை அடைத்து, குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சைகையில்தான் பேசினார்.