பயப்படுகிற நாளில்

நேயர்களுக்கு அன்பான காலை வணக்கம்.

"பயமா, விசுவாசமா என்கிற தலைப்பில் எட்டு நிமிஷம் பேச முடியுமா?" என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த பிறகு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கரும்பலகையும் நாற்பது பிள்ளைகளும் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். மைக்கைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பழக்கமில்லை. ஆக, தலைப்புக்கு ஏற்ற ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் புத்தி போகாது, ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வேதத்தில் "பயப்படாதே" என்ற வார்த்தை 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பிலும் வருஷா வருஷம் வரும். ஒரு தடவை, வேதத்தில் எந்த வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கிய அகராதியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு தேறவில்லை. ஆனால் எண்ணும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த வார்த்தை வருகிற இடங்களில் அநேகமாய் யாராவது ஒருவர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். செத்துப்போவேன் என்று பதறிய கிதியோன். வயல்வெளியில் ராத்திரி ஆடு காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள். தைரியசாலியைக் கூப்பிட்டு யாரும் பயப்படாதே என்று சொல்வதில்லை.

சங்கீதம் 56 பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்த சமயத்தில் பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. அதில் ஒரு வரி: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் தெளிந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த மறுநாள் இல்லை. பயப்படுகிற அதே நாளில்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சமையலறை ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரம். 1956 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை இரவு. வீட்டுக்காரர் ஒரு பாப்டிஸ்ட் சபையின் போதகர், வயது 27. மனைவியும் இரண்டு மாதக் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். உலகம் முழுக்கத் தெரிந்த பெயராக அது இன்னும் ஆகவில்லை.

அதற்கு முந்தைய டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். ஊரிலுள்ள கறுப்பின மக்கள் டிசம்பர் 5 முதல் பஸ் ஏறுவதை நிறுத்தினார்கள். தலைமை இந்த இளம் போதகர் தலையில் விழுந்தது. கூடவே மிரட்டல் கடிதங்கள், ராத்திரியில் ஃபோன்கள். ஜனவரி 26 அன்று, மணிக்கு 25 மைல் போக வேண்டிய இடத்தில் 30 மைல் போனார் என்று போலீஸ் பிடித்தது. வண்டி பழக்கமில்லாத தெருக்கள் வழியாகப் போகிறது. எங்கோ கொண்டுபோய்க் கும்பலிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று நடுங்கிப்போனார். கடைசியில் சிறைச்சாலைப் பலகை கண்ணில் பட்டதும் நிம்மதி வந்ததாம். ஜெயிலைப் பார்த்து நிம்மதி! எப்படிப்பட்ட பயம் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் நள்ளிரவில் மறுபடியும் ஒரு கொலை மிரட்டல் ஃபோன். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்து காப்பி போட்டார். போட்ட காப்பியைக் குடிக்கவும் இல்லை. கோழை என்ற பெயர் வராமல் இதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததாக அவரே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார்.

அவர் அப்பா போதகர். தாத்தாவும் போதகர். நம் சபைகளில் "நாங்க நாலு தலைமுறைக் கிறிஸ்தவங்க" என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த மாதிரிக் குடும்பம்தான். ஆனால் அப்பா அன்றைக்கு 175 மைல் தள்ளி அட்லாண்டாவில் இருக்கிறார். இந்த நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை, அப்பா சொல்லிக்கொடுத்த ஆண்டவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று புரிந்ததாகச் சொல்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. பரம்பரையாக வந்த விசுவாசம் அந்த நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் அவரே நடக்க வேண்டியிருந்தது.

மேஜையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு ஜெபித்தார். நான் செய்வது சரி என்றே நம்புகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது, ஜனங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்னிடம் பெலன் தீர்ந்துவிட்டது. இவ்வளவுதான் ஜெபம். நீதிக்காக எழுந்து நில், நான் உன்னோடு இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாக அவருடைய சாட்சி.

நம் ஜெபக் கூட்டங்களில் இப்படி யாராவது ஜெபித்துக் கேட்டிருக்கிறீர்களா? நான் அதிகம் கேட்டதில்லை. என் மனைவிக்கு ஒரு சமயம் பயாப்ஸி எடுத்து, ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தோம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "பயப்படக் கூடாதும்மா, பயப்பட்டா அது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவள் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள். ஐந்தாம் நாள் ஒரு வயதான அத்தை வந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு தாயி" என்றார். உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபித்தார்கள். அன்றைக்குத்தான் என் மனைவி தூங்கினாள். ரிசல்ட் நல்லபடியாக வந்தது. வராமல் போயிருந்தாலும் அந்த ராத்திரி அவள் தூங்கியது தூங்கியதுதான்.

சரி, மான்ட்கோமரிக்கு வருவோம். மூன்று நாள் கழித்து, ஜனவரி 30, கிங் ஒரு கூட்டத்தில் இருந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் குண்டு வீசினார்கள். மனைவி, குழந்தை யாருக்கும் காயமில்லை. ஆயுதங்களோடு கூடிவிட்ட தன் ஜனங்களை, உடைந்த திண்ணையில் நின்றபடி அமைதியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார். பிரசங்கிமார் வழக்கமாகக் கதையை இங்கே முடித்துக்கொள்வார்கள். கைதட்டும் கிடைக்கும்.

ஆனால் அடுத்து என்ன நடந்தது தெரியுமா? நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அவர் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய், காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டு மனுக்கொடுத்தார்! மறுத்துவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது. சமையலறையில் குரல் கேட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை நினைத்து அவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை பழையபடி கணக்குப் போடுகிறவர்கள்தானே நாம்.

பிற்பாடு மனைவியோடு உட்கார்ந்து பேசினார். அகிம்சை என்று பிரசங்கித்துவிட்டு வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது எப்படி என்று இருவரும் யோசித்து, அதைத் தூக்கிப் போட்டார்கள். துப்பாக்கி இருந்தபோதுதான் பயம் அதிகமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதே சமயம் வீட்டைச் சுற்றிப் பெரிய விளக்குகள் போட்டார்கள், ஆயுதமில்லாத காவலாட்களை வைத்தார்கள், ஊருக்குள் தனியாகப் போவதில்லை என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்தார். விளக்கு போட்டதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லிவிட முடியாது.

பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்து வெற்றி பெற்றது. அதற்குப் பிறகும் பயம் விட்டபாடில்லை. 1957 ஜனவரியில் ஆலயங்களில் குண்டு வெடித்தது. ஒரு கூட்டத்தில், யாராவது சாக வேண்டுமானால் அது நானாக இருக்கட்டும் என்று ஜெபித்தவர், மேலே பேச முடியாமல் உடைந்துபோனார். தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அதே மாதம் 27 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் மறுபடியும் குண்டு. இந்த முறை 12 டைனமைட் குச்சிகள், புகைந்துகொண்டே வெடிக்காமல் கிடந்தன. வீட்டில் யாருமில்லை. அவர் நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். செய்தி கேட்டு வந்து திண்ணையைப் பார்த்தார், கூடியிருந்தவர்களிடம் பேசினார். பிறகு ஆலயத்துக்குப் போய் அன்றைய ஆராதனையை நடத்தினார். தூக்கம் வராத ஒரு ஜனவரி ராத்திரியைப் பற்றி, சரியாக ஒரு வருஷம் கழித்து, சபையாரிடம் சொன்னார்.

வணக்கம்.