முசிறியா, முசிரிஸா? அந்த ஒரு 'ஸ்' படுத்தும் பாடு

வணக்கம் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் கடுப்புலதான் பேசப்போறேன். ஒரு ரீல்ஸ் சுத்திட்டு இருக்கு. கேரளக் கரையில இருந்த பழைய சேரர் துறைமுகம் முசிறி, அதை வெளிநாட்டு வியாபாரிங்க 'முசிரிஸ்'னு எழுதினாங்க. எகிப்துக்கு அரபில 'மிஸ்ர்'னு பேராம், அதுலேர்ந்துதான் 'முசிரிஸ்' வந்துச்சாம். கொற்கை வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், காதுக்கு ஒத்துவந்தா போதும்னு முடிச்சுப் போடறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இந்தப் பேரை எழுதிவச்சவங்க கிரேக்கம் பேசின வியாபாரிங்க. அவங்க வாயில எகிப்து 'ஐகுப்தோஸ்'. இதுல மிஸ்ர் எங்க நுழைஞ்சுது?

ஊர்ப்பேரைப் பிரிக்கணும்னா, முதல்ல வந்தவன் ஒட்டவச்ச வாலை வெட்டுங்க. அந்த 'ஸ்' கிரேக்க எழுவாய் விகுதி. வேற்றுமை மாறினா அதுவும் மாறும். வியன்னாவுல ஒரு பாப்பிரஸ் இருக்கு, அதாவது நாணல்ல செஞ்ச பழைய தாள், கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன்ங்கிற கப்பலோட சரக்குக் கணக்கு. அந்த ஒப்பந்தத்துல 'கதா முசீரின்'னு வருது, 'கதா'ங்கிறது பேருக்கு முன்னாடி வர்ற ஒரு கிரேக்கச் சொல். 'ஸ்' எங்க? காணோம்! அந்த இடத்துல 'ன்' உக்காந்திருக்கு. இரண்டாம் வேற்றுமைங்க, வேற ஒண்ணுமில்ல. ஒரே ஒரு 'ன்', மொத்த ரீல்ஸும் காலி. இதைப் பத்தியே நான் ஒரு மணி நேரம் பேசுவேன், விடுங்க.

வாலை வெட்டினா மிச்சம் முசிரி. கிரேக்கத்துல ற கிடையாது, ர-வை வச்சு ஒப்பேத்திட்டாங்க. அகநானூறு 149 சொல்லுது: 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி'. கறின்னா மிளகு.

ஆங், இன்னொரு சேரர் துறைமுகம் தொண்டியை விட்டுட்டுத் தாண்டிட்டேன் பாருங்க. அதுக்கும் இதே வால்தான், 'துண்டிஸ்'. அதுக்கும் அரபி மூலம் தேடுவாங்களோ!

அடுத்தது ச. கி.பி. 1000 வாக்குல கேரளத்தை ஆண்ட சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான்ங்கிற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தாரு. வட்டெழுத்து. அதுல இதே ஊரு 'முயிரிக்கோடு'. ச எப்படி ய ஆச்சுன்னு முழிக்காதீங்க. உயிர், உசிர். முயல், மொசல். தினம் நாம பேசறதுதான்.

இதை மனசுல வச்சுக்கிட்டா இன்னொரு கதையும் அடிபடும். பெரியாறு ரெண்டா பிரியுறதால பிளவு உதடு மாதிரி, மலையாள 'முச்சிறி'யிலேர்ந்து வந்த பேருன்னு சொல்வாங்க. ஒத்தைச் ச-தான் ய-வோட மாறி மாறி வரும். 'ச்ச' அப்படி வராது. பச்சை எங்கயாச்சும் பயை ஆகுதா?

வால்மீகி ராமாயணத்துல வர்ற 'முரசீபத்தனம்' இதுதான்னு நிறைய பேர் சொல்றாங்க. எழுத்து இடம் மாறியிருக்கு, நம்ம விசிறி சிவிறி ஆன மாதிரி. எனக்குச் சம்மதம்தான்.

கொடுங்கல்லூரை மட்டும் இந்த வரிசைல சேக்காதீங்க. அது தனிப்பேரு, போர்ச்சுகீசியர் வாயில கிராங்கனூர் ஆச்சு. இடம் பக்கத்துல இருந்தா பேரும் சொந்தமாயிடாது. திருச்சிக்காரங்களே, உங்க முசிறி காவிரிக்கரை. இந்த யவனர் கப்பல் அங்க வரலை, சண்டைக்கு வராதீங்க.