ஆறாவது மாடிக்குப் போகும் டீச்சர்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இருபத்தெட்டு வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். சென்னை வியாசர்பாடியில் டீச்சராகச் சேர்ந்து, பெரும்பாக்கத்தில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். அங்கன்வாடி என்று சொன்னால் நம் ஊரில் இன்னும் பாதிப் பேர் 'பால்வாடிதானே' என்பார்கள். கலவை சாதம், முட்டை, சுவரில் யானைப் படம். அந்த மையத்தைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. மையத்துக்கு வராத பிள்ளையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்த பிள்ளைதான் மையத்தில் வந்து உட்காரும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வீட்டோடுதான். ஆறு மாதம் முடிந்ததும் சத்துமாவு பாக்கெட் கொடுக்கிறோம், எடை பார்க்கிறோம், தடுப்பூசி நாளை ஞாபகப்படுத்துகிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் டீச்சரின் வேலைதான். ஆனால் போய் என்ன செய்கிறோம்? "மாவு கொடுக்கிறியாம்மா? எடை குறைஞ்சிருக்கே? சரி, கையெழுத்துப் போடு." ஐந்து நிமிடத்தில் அடுத்த வீடு. இப்போது எல்லாவற்றையும் பதிவு செய்ய, போனில் போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப் வேறு. பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்குள் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஜமைக்கா தெரியும். அதன் தலைநகர் கிங்ஸ்டனில் 1986, 87 வாக்கில் சாலி கிரந்தம் மெக்ரெகர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத 129 ஏழைக் குழந்தைகள். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால் கலந்த சத்துணவு கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போய், பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று அம்மாவோடு சேர்ந்து செய்துகாட்டினார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. இப்படி இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தால், விளையாட்டு கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் வாங்கிய பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை.

உடனே மாவை நிறுத்திவிடலாமா என்று யாரும் கேட்காதீர்கள். பசித்த பிள்ளை எங்கே விளையாடும்? நான் சொல்வது, மாவோடு படியேறுகிறோமே, கூடவே அந்த ஒரு மணி நேரத்தையும் கொண்டுபோகலாமே என்பதுதான். அதே முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி, ஒடிசாவில் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, அப்புறம் வருகை, அம்புலி என்று மாதக் கணக்கு வைத்துத்தான் பாடினார்கள். தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை, நிலாவைக் கூப்பிடுவது. சிறு குழந்தைகளை வீட்டிலேயே போய்க் கவனிக்க மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களை 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறது. அட்டவணையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதில் சப்பாணி, பதினைந்தில் அம்புலி!

ஆனால் சப்பாணி கொட்டச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் வேண்டுமே. கூவம் கரையில் குடிசையில் இருந்தவரைக்கும் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பிள்ளை பத்து மடி மாறும். அப்புறம் அந்தக் குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் ஏழெட்டு மாடிக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிப்பறை, நல்லதுதான். பாட்டி மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டார். லிஃப்ட் நின்றுபோனால் கைக்குழந்தையோடு ஆறாவது மாடியிலிருந்து யார் இறங்குவார்கள்? அம்மா பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஆபீசுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனால், பத்து வயது அக்காதான் தாய். பகல் பதினொரு மணிக்குப் போகிற டீச்சரிடம் கதவைத் திறப்பது அந்த அக்காவாகத்தான் இருக்கும். அவளிடமும் நாம் பேச வேண்டும். அவள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதையும் சேர்த்து.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாட்டிலில் பத்துப் புளியங்கொட்டை போட்டு, மூடியைப் பசை வைத்து இறுக்கி, கிலுகிலுப்பை செய்து எடுத்துப் போவேன். (இறுக்குவது முக்கியம். கொட்டை வெளியே வந்தால் தொண்டையில் சிக்கும்.) போனதும் பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு நானே ஆட்டுவேன், நானே பாடுவேன். பிள்ளை சிரிக்கும், எனக்குப் பெருமையாக இருக்கும். அம்மா வாசற்படியில் நின்று, பரீட்சை ஹால் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஆறாவது மாடியில் பதினொரு மாதப் பையன் இருந்த வீட்டில் போன வாரம் கொடுத்த பாட்டில் எங்கே என்று கேட்டேன். டிவிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "உங்க பொருளாச்சே டீச்சர், உடைச்சிடப்போறான்னு வச்சிருந்தேன்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுத்த முறை பையும் இல்லாமல் வெறுங்கையோடு போனேன். பிள்ளையைத் தூக்கவில்லை. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன் முறத்தைத் தட்டினான், அவள் விலக்கினாள். "நீயும் ஒருதரம் தட்டேன்" என்றேன். தட்டினாள். அவன் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி தட்டினான். அவளும் தட்டினாள். அரிசி கொஞ்சம் சிதறியது. அன்று நான் செய்த வேலை அவ்வளவுதான்.

இந்த மாதிரி வேலையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. 400 முதல் 800 பேர் வரை வசிக்கும் பகுதிக்கு ஒரு மையம் என்று கணக்கு. ஒரே டீச்சர் வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஒடிசா கிராமங்களில் அம்மாக்களைக் குழுவாகச் சேர்த்தும் செய்து பார்த்தார்கள். செலவு குறைவு, பலன் ஏறக்குறைய அதே அளவு. நம் மாடி வராந்தாவில் எட்டு அம்மாக்கள் தாராளமாக உட்காரலாம். வேலைக்குப் போகிறவளுக்கு மட்டும் வீட்டுக்குப் போங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஆறாவது மாடி வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கேன் தண்ணீர் வாங்கியபோது சேர்த்துவைத்த பெரிய மூடிகளைத் தரையில் பரப்பியிருந்தாள். ஒன்றைத் துப்பட்டாவுக்குள் ஒளித்து "எங்கடா போச்சு?" என்று கேட்கிறாள், பையன் துப்பட்டாவை இழுத்துக் கண்டுபிடித்துக் கத்துகிறான். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், இது அவன் தூங்கற நேரம். நாளைக்கு வரீங்களா?" என்றாள்.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை.